ஹெடர் கோப்புகளுக்கு வழி காட்டியவள்

கண்பார்வை மங்கிய பிறகு நான் நிரலைக் காதால்தான் வாசிக்கிறேன். திரையில் உள்ளதை ஒரு மென்பொருள் ஹெட்போனில் சொல்லிக்கொண்டே வரும். வெள்ளவத்தையில் இப்போதைய வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் குரலே என்னை விரட்டப் பார்த்தது.

ஒருகொடவத்தை கொள்கலன் யார்டுகளில் லொறிகளை நிறுக்கும் தராசுகளுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். அந்த நிரலை, நிரல் எழுதும் எடிட்டரில் திறந்ததும், நிரலின் மற்றப் பகுதிகளை அறிமுகப்படுத்தும் ஹெடர் கோப்புகளை அழைக்கும் ஒவ்வொரு வரியிலும் ‘கோப்பைக் காணவில்லை’ என்றது குரல். அதனால் கீழே இருந்தவையெல்லாம் பிழையாயின. நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்ற பில்ட் பண்ணினாலோ ஒரு குறையுமில்லாமல் ஓடியது. உண்மைப் பிழை எது, பொய்ப் பிழை எது என்று பிரிக்க முடியவில்லை. வேலையை விடப் போகிறேன் என்று கொட்டாஞ்சேனையில் வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவளிடமும் சொன்னேன்.

“எங்களுக்கும் அந்த வரிகளுக்குக் கீழ சிவப்புக் கோடு வாறதுதான் அக்கா. பாக்காம விட்டிடுவம்.”

“எனக்கு அப்பிடி விடேலாது. அது கதைச்சுக்கொண்டே இருக்கும்.”

அவள் என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். சற்றுக் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

“இதோடயா வேலை செய்யிறீங்கள்?”

தன் வேலையை ஒதுக்கிவிட்டுக் கதிரையை என்னருகே இழுத்தாள். கீபோர்டை மட்டும் என்னிடமே விட்டுவிட்டாள். ஹெடர்கள் எந்தெந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று பில்ட் அமைப்புக்குத் தெரியும், எடிட்டருக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்றாள். முதலில் அந்த ஃபோல்டர்களின் பாதைகளை எடிட்டரில் கையால் எழுதிப் பார்த்தோம். சில பிழைகள் போய்ப் புதியவை வந்தன. பிறகு பில்ட் அமைப்பில் ஒரு வரி சேர்த்து, எந்தக் கோப்பை எந்தப் பாதைகளோடு பில்ட் பண்ணுகிறது என்பதை அதுவே ஒரு கோப்பில் எழுதித் தரும்படி செய்தோம். அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை எடிட்டருக்குக் கொடுத்தோம். மாற்றமில்லை. இடத்தை நான் பிழையாகத் தட்டியிருந்தேன். திருத்திவிட்டு மறுபடி திறந்தேன்.

குரல் முதல் வரியை வாசித்தது. அடுத்ததையும் வாசித்தது.

“என்ன அக்கா, இன்னும் பிழை சொல்லுதா?”

“இல்லை. நிரலைத்தான் வாசிக்குது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அத்தோடு விடவில்லை. அந்த வரியை எல்லோருக்கும் பொதுவான அமைப்பில் சேர்த்துவிட்டாள். மறுநாள் மற்றவர்களின் திரைகளிலும் சிவப்புக் கோடுகள் இல்லை. யார் செய்தது என்று மேலாளர் கேட்டார்.

“அக்காவும் நானும்,” என்றாள்.

நான் செய்தது தட்டச்சு மட்டுந்தான். புதிதாக வந்த என்னை முதலில் சொல்ல அவளுக்கு மனம் வந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.