ரூடஸ்ஹைம் கேபிள் காரில் ஜமீலா சொன்னது

நசுங்கின திராட்சை வாசனை... ரயிலை விட்டு இறங்கினதுமே அதுதான் முதல்ல வந்துச்சு. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, ஆத்துப் பனியோட கலந்து.

2006, அறுவடைக் காலம். அமெரிக்காவுல எடிசன் ஊர்ல, ஓக் ட்ரீ ரோட்டுல எனக்குப் பாத்திரக் கடை. வாரம் பூரா திறந்திருக்கும். பெருநாள் அன்னிக்குக்கூட தொழுதுட்டு வந்து ஷட்டரைத் தூக்கிடுவேன். பிராங்க்ஃபர்ட்டுக்குச் சரக்கு பார்க்கப் போனப்ப, மகளை மைனி வீட்டுல விட்டுட்டு என் சம்சாரம் ஜமீலாவும் வந்தா.

வேலை முடிஞ்சு ஒரு நாள் மிச்சம். ரைன் ஆத்தங்கரையில ரூடஸ்ஹைம்னு பழைய ஊர், ஒயினுக்குப் பேர் போனது, பாருங்கன்னு ஹோட்டல்ல சொன்னாங்க. குடிக்காத நமக்கு அங்க என்ன வேலைன்னேன். ஊரைப் பார்க்கத்தானே போறோம், குடிக்கவான்னு ஜமீலா கேட்டா.

கல் பாவின சந்து, ஜன்னலுக்கு ஜன்னல் பூ. என் அமெரிக்கா போன் அங்க வேலை செய்யலை. கடையிலேர்ந்து யாரும் கூப்பிட முடியாது. முதல்ல கை பரபரன்னு இருந்துச்சு... அப்புறம் மறந்தே போச்சு.

கேபிள் கார்ல ஏறினோம். ரெண்டே பேர் உட்கார்ற கூண்டு. கீழே மஞ்சளாகிட்டு வர்ற திராட்சைத் தோட்டம். சத்தமே இல்லாம மிதந்தோம்.

அங்கதான் சொன்னா. "மகளைக் கூட்டிக்கிட்டு கீழக்கரைக்கே போயிடலாம்னு இருக்கேன் மச்சான்."

கோவமான்னு கேட்டேன்.

"இல்ல. இங்கேயும் நீங்க இல்லாமத்தான் இருக்கேன். அங்கன்னா உம்மா இருப்பாங்க."

எந்த விலைக்கும் எதிர்விலை சொல்றவன் நான். அன்னிக்குக் கீழே திராட்சை வரிசையை எண்ணிக்கிட்டு இருந்தேன்.

கீழே இறங்கினா, மத்தியானம், ஒரு கடைக்காரர் வாசல்ல ஆள் நிக்கும்போதே கதவைச் சாத்துறார். உள்ளே அவர் சம்சாரம் தட்டு எடுத்து வைக்கிறாங்க. பைத்தியக்காரன்னு தோணுச்சு... பொறாமையாவும் இருந்துச்சு.

திரும்புற ரயில்ல, இனி செவ்வாய்க்கிழமை கடை லீவுன்னேன்.

"வியாபாரி பேச்சு. முதல்ல சாத்திக் காட்டுங்க."

சாத்தினேன். வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு பக்கத்துக் கடைக்காரர் போன் பண்ணிட்டார். ஜமீலா ஊருக்குப் போகலை.

இப்ப கடையை மேனேஜர் பார்த்துக்கறார். மகள் டெக்சாஸ்ல. எனக்கு எல்லா நாளும் லீவுதான். ஜமீலாதான் சின்னப் பிள்ளைங்களைப் பார்த்துக்கற டேகேர் ஆரம்பிச்சு, காலையில காரை எடுத்தா இருட்டினப்புறம்தான் வர்றா.

அதுவரைக்கும் வீடு எவ்வளவு அமைதியா இருக்கும்னு இப்பதான் எனக்குத் தெரியுது...