எதிர்வீட்டுக்கு விற்ற நட்சத்திரம்

மாலையானால் ரோசாரியோ நகரின் அந்தத் தெருவில் நாற்காலிகள் நடைபாதைக்கு வந்துவிடும். எல்லா நாற்காலிகளும் தெருவைப் பார்த்திருக்க, நெல்வா பெர்த்தோனேயின் நாற்காலி மட்டும் அவள் வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும். மாத்தே பானம் சுற்றி வரும்போது அவள் கை மட்டும் பின்னால் நீண்டு வாங்கிக்கொள்ளும்.

"என்ன நெல்வாம்மா, சுவத்துல சினிமா ஓடுதா?" என்பான் பக்கத்துச் சலூன்காரன் ஒமார்.

"உன் மூஞ்சியைப் பாக்கறதுக்குச் சுவரு தேவலைடா."

வாய் அப்படி. எழுபதைத் தாண்டியும் பாஸ்தாக் கடையைத் தனியாளாகக் கட்டி மேய்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை, பூரணம் வைத்த ராவியோலி வாங்க வரிசை மூலை திரும்பும். மாவை விரலால் அழுத்திப் பார்த்தே மழை உண்டா இல்லையா என்று சொல்வாள். பாதி நாள் பொய்த்துப்போகும், அதற்கும் மாவையே திட்டுவாள். ராவியோலியைக் குழைய வேகவைப்பவர்களிடம், அடுத்த வாரம் உனக்குச் சரக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

எதிரில் இருப்பது அந்த வீடு. ராணுவம் ஆண்ட நாட்களில் ஆட்களைக் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து அடைத்த வீடு. உள்ளே போன பலர் திரும்பவில்லை. உள்ளே எழும் கூக்குரலை மறைக்க அங்கே ரேடியோ அலறினால், தெருவும் தன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும். அதை இடிப்பதா, நினைவிடமாக வைப்பதா என்று நகராட்சி இப்போது தெருவாரையே கேட்டிருந்தது.

நெல்வா இடிக்கிற கட்சி. வெறும் கட்சி அல்ல, தலைவி. ஒவ்வொரு பொட்டலத்தோடும் பிரசாரத்தையும் சேர்த்து மடித்துக் கொடுத்தாள். "இடிச்சுத் தள்ளிட்டு ஊஞ்சல் போடட்டும், பிள்ளைங்க ஆடட்டும். பொணத்தை எத்தனை நாளைக்கு நடுவீட்டுல வெச்சிருக்கறது?" பாதித் தெரு அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வீடு போனால், சாவதற்குள் ஒருநாளாவது மற்றவர்களைப் போல் தெருவைப் பார்த்து உட்காரலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதை முடிவு செய்யும் கூட்டம் தெருமுனைக் கிளப்பில் நடந்தது. அந்த வீட்டிலிருந்து உயிரோடு வந்த சிலரில் ஒருவரான ரெமோ பேச எழுந்தார். அவர் தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. வீடு நிற்கட்டும் என்று கேட்க வந்தவர், சூப்பைப் பற்றிப் பேசினார்.

"தாடையை உடைச்சிருந்தாங்க. பட்டினியாக் கெடந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை சூப் வந்துச்சு. கண்ணைக் கட்டியிருந்ததால நாக்கால தடவிப் பாத்தேன். நட்சத்திரம்! குழந்தைங்களுக்குப் போடுவாங்களே, அந்தப் பாஸ்தா. வெளியில யாரோ எனக்காக இரக்கப்பட்டு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான் பொழச்சேன். வீட்டை இடிச்சுட்டா, இதை நான் எங்க நின்னு சொல்றது?"

தெருவில் பாஸ்தாக் கடை அன்றும் இன்றும் ஒன்றுதான். எல்லோரும் நெல்வாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க நெல்வாம்மா!" என்று ஒமார் கைதட்ட, கூடமே தட்டியது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் புண்ணியவதியாகவே வீடு திரும்பியிருக்கலாம். எழுந்துவிட்டாள்.

"தட்டாதீங்க. நான் அனுப்பல, வித்தேன். அந்த வீட்டு ஆளு ஒருத்தன் எப்பவும் போலக் கடைக்கு வந்தான். மெல்ல முடியாத ஒருத்தன் இருக்கான், மெத்துனு ஏதாவது குடுன்னான். ஏன், பல்லு முளைக்காத பாப்பாவான்னு கேட்டேன். அவன் சிரிச்சான். உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நானும் கூடச் சேந்து சிரிச்சேன்."

ரெமோ அவளையே பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

கிளப் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடு நிற்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் ஒன்றிரண்டாக எழுந்தன. நெல்வாவின் வலது கையும் எழுந்தது. இடது கையால் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.