என் சொல்லுக்கு உயர்ந்த கைகள்

நான் பொய் சொன்னேன்.

வீட்டுக்குள் சொன்ன பொய் அல்ல. ஊர்க்கூட்டத்தில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி சொன்ன பொய். அந்தப் பொய்யால் எங்கள் ஊருக்கு வரவேண்டிய மருத்துவ அறை வராமல் போயிற்று. ராஜாத்தி அக்காவின் மூச்சு பாதியாகிவிட்டது.

என் ஊரில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் ஊர்க்காரர் இல்லை என்பதால் வந்த துணிவா இது...? இருக்கலாம். அந்தக் கோழைத்தனத்தையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். காரைக்காலிலிருந்து பேருந்தில் வரும்போது வயல்கள் முடிந்து தகரக் கூரைகள் தொடங்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை அங்கே வந்தபோது நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். ஆலை வளர்ந்தது, கூடவே ஊரும் வளர்ந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நாற்று நட்ட இடத்தில் வரிசை வீடுகள் எழுந்தன. பள்ளிவாசலுக்கு மாடி வந்தது, மாரியம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் வந்தது, மாட்டுக்கொட்டகை செல்போன் கடையாயிற்று. எல்லாம் வந்தன. இவ்வளவு பெரிதாகிவிட்ட ஊரைப் பார்த்துக்கொள்ளத்தான் யாரும் வரவில்லை.

எங்கள் பக்கம் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து நெடுங்காலம் ஆகிறது. பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கிறது. ஆணையர் இருக்கிறார், எழுத்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்க, ஓட்டுப் போட்டு நாங்கள் அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை! அதனால் ஊர்க்கூட்டம்தான் எங்களுக்குச் சபை, நகராட்சி, நீதிமன்றம் எல்லாம். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கடைசியில் கையைத் தூக்கி முடிவு செய்வோம். சாக்கடை, தெருவிளக்கு, இடுகாட்டுப் பாதை... எல்லாம் அப்படி வந்தவைதான்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். என் அப்பா வயல்கூலி, கைநாட்டு. அம்மா பேருந்தை நிறம் பார்த்து ஏறுபவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரிக்கும் போனேன். இதை எழுதும்போது இப்போதும் என் முதுகு நிமிர்கிறது பாருங்கள்... வெட்கப்படவேண்டிய கதையைச் சொல்லும்போதுகூட! அவ்வளவு கர்வம் எனக்கு.

ஊரும் அந்தக் கர்வத்துக்குத் தண்ணீர் ஊற்றியது. உதவித்தொகைக்கு மனு எழுதவேண்டுமா, குடிநீர் இணைப்புக்கு அலையவேண்டுமா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொம்யூன் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பது எங்கள் ஊருக்கு என் வாய் வழியாகத்தான் வரும். அந்த வாயைத்தான் நான்...

ஆலை இரண்டாவது உலை போடப்போவதாகப் பேச்சு வந்த சமயம் அது. ஊரின் மனத்தைக் குளிரவைக்க ஒரு கட்டடம் கட்டித்தருகிறோம் என்றார்கள். என்ன கட்டடம் என்பதை ஊரே கூடி முடிவு செய்யட்டும் என்றும் சொன்னார்கள். இரண்டு விருப்பங்கள் எழுந்தன. ஒன்று, ஒரு நர்ஸும் மூச்சுத் திணறலுக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மிஷினும் இருக்கும் அறை; நர்ஸுக்கான சம்பளத்தையும் ஆலையே தரும். அதைக் கேட்டவள் ராஜாத்தி அக்கா. இன்னொன்று படிப்பகம். அதைக் கேட்டவள் நான்.

ராஜாத்தி அக்கா ஆலை வாசலுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்தாள். முன்பக்கம் ஆலையின் புகை, பின்பக்கம் அவள் அடுப்பின் புகை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடைதான் அவளுக்கு வீடு. அவளுக்கு இழுப்பு இருந்தது. மழைக்காலத்தில் இரண்டு வார்த்தை பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். அப்படியும் வாய் ஓயாது.

"ஏண்டி கலெக்டரம்மா, ஒன் படிப்பகத்துல மூச்சு கெடைக்குமா? எத்தன பக்கம் பெரட்டுனா வரும், அதச் சொல்லு" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

எனக்கு ஏன் படிப்பகம் வேண்டும்? பிள்ளைகள் படிக்க என்று மற்றவர்களிடம் சொன்னேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை அதுவா? இந்த ஊரில் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதைச் சொல்ல, செங்கல்லும் சிமெண்டுமாக ஒன்று நிற்கவேண்டும் என்று விரும்பினேன். அதைத் திறப்பவளாகவும் பூட்டுபவளாகவும் நான் இருக்க விரும்பினேன். நர்ஸ் அறை வந்தால் அதில் எனக்கு என்ன இடம்? நோயாளியாகத்தான் போகமுடியும்.

துணை சுகாதார நிலையம் கேட்டு ஊர் சார்பாகக் கொம்யூன் அலுவலகத்தில் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தோம். கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு, ஊரார் அனுப்பி, அதைப் பற்றி விசாரிக்கப் போனேன். எழுத்தர் தெளிவாகச் சொன்னார்.

"ஒங்க ஊருக்குக் கெடையாதும்மா. பக்கத்து ஊர்ல இருக்கறதே போதும்னுட்டாங்க."

இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

கூட்டத்தன்று ஆலையின் அதிகாரிகள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நாங்கள் பாய்களில். முதலில் ராஜாத்தி அக்கா பேசினாள். பேச்சு நீள மூச்சு இடம் கொடுக்கவில்லை. "எனக்கு மட்டும் இல்லீங்க... மேலத்தெருவுல கைக்கொழந்தைங்களுக்கும் இப்ப இழுக்குது..." என்று நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் தலையாட்டினார்கள். முடிவு அப்போதே ஆகிவிட்டது என்று தெரிந்தது.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் சொன்னேன்: "சுகாதார நிலையம் நமக்கு அரசாங்கமே தரப்போவுது. கொம்யூன் ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. அதையே ஆலைக்காரங்ககிட்டயும் கேட்டு வாங்கிட்டா, அரசாங்கம் தர்றது நின்னுபோயிடும். ரெண்டும் வேணும்னா இங்க படிப்பகத்தக் கேப்போம்."

அந்த நேரத்தில் வாயில் தானாக வந்துவிட்டது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்! வீட்டில், கண்ணாடி முன்னால் நின்று, ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மளிகைக்கடை ஜமால் அண்ணன், எங்கள் பக்கத்து வழக்கில் ஜமால் நானா, எழுந்தார். "நல்ல சேதிதாம்மா. எழுத்துல ஏதும் குடுத்தாங்களா?"

கேட்க வேண்டிய கேள்வி. ஆலை அதிகாரிகளில் ஒருவர் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒலிவாங்கியை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்போது ராஜாத்தி அக்காவின் குரல் வந்தது.

"என்னா நானா நீங்க! நம்ம ஊட்டுப் புள்ளய, வெளியாளுவ முன்னாடி நிக்க வெச்சா கேப்பீங்க? அது சொன்னா சரியாத்தான் இருக்கும். தூக்குங்க எல்லாரும் கைய!"

முதல் கை அவளுடையது.

எங்கள் ஊரின் வழக்கம் இது. தெருவுக்குள் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவள் என் கொண்டையைப் பிடித்து உலுக்கியிருந்தாலும் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்நியர் முன்னால் நம் ஆளை விட்டுக்கொடுப்பதில்லை. சொல்வது சரியா தவறா என்பதெல்லாம் அப்புறம். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக ஜமால் நானாவும் தூக்கினார்.

நான் அன்று மகிழ்ந்தேன்... அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரே என் பக்கம் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

படிப்பகம் வந்தது. அது வீணாகவும் போகவில்லை. வரிசை வீட்டுப் பெண்பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கிறார்கள். ஒருத்தி நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். பூட்டிக் கிடந்து கறையான் தின்றிருந்தால் என்னை நானே திட்டிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். நன்றாக நடக்கிறது! நல்லதைச் செய்யத்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது ஒவ்வொரு நாளும் இடம் கொடுக்கிறது. அதுதான் கொடுமை.

ஐப்பசியில் ஒரு நண்பகல், மழை விட்ட நேரம். புகை மேலே போகாமல் தெருவிலேயே படிந்து கிடந்தது. ராஜாத்தி அக்கா கடையில் சரிந்துவிட்டாள் என்று ஓடிவந்து சொன்னார்கள். நானும் ஜமால் நானாவும் அவளை ஆட்டோவில் ஏற்றினோம். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக... முடியவே இல்லை. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. நானா ஆட்டோவை விட்டு இறங்கி, கேட் கம்பியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவிலேயே ஒரு மிஷினும் அதைப் போட்டுவிட ஒரு நர்ஸும் இருந்திருக்க வேண்டிய நேரம் அது.

பிழைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். இனிமே அடுப்புப்பக்கம் போகக்கூடாது" என்றார் மருத்துவர். அத்தோடு கடை போயிற்று.

மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து, "அக்கா, நான் அன்னிக்குக் கூட்டத்துல..." என்று ஆரம்பித்தேன். அவள் கையை அசைத்தாள்.

"தெரியும்டி."

எனக்குப் புரியவில்லை.

"விதவப் பணம் கேட்டுப் போனப்ப நானும் அந்த ஆபீஸ்ல விசாரிச்சேன். கெடையாதுன்னுட்டாங்க. ஒன் கூட்டத்துக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா கையத் தூக்குனீங்க?"

"நாக்காலியில ஒக்காந்திருக்காங்கல்ல அவனுவ... அவனுவ முன்னாடி நீ பொய்யின்னு ஆனா, நாளைக்கி நம்ம ஊருக்காக யாரு வாயத் தொறந்தாலும் சிரிப்பானுவ. பேசறதுக்கு நமக்கு வேற யாருடி இருக்கா?" மூச்சு வாங்கினாள். "கூட்டம் முடிஞ்சி நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ வரல. அதுக்குள்ள அஸ்திவாரம் போட்டுட்டானுவ."

அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"இத வெளில சொல்லாத. சொன்னீன்னா நான் எம் மூச்சக் குடுத்ததும் வீணாப் போயிடும்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதால்தான் நான் வாயைத் திறக்கவில்லையா? அல்லது எனக்கு வசதியாக இருப்பதால் அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனா? இரவும் பகலும் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது. மறுநாள் இன்னொன்று.

போன வாரம் மறுபடியும் கொம்யூன் அலுவலகத்துக்குப் போனேன். இந்த முறை யாரும் அனுப்பவில்லை. ராஜாத்தி அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். ஊருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று அதே எழுத்தரிடம் கேட்டேன்.

"ஆலைக்காரங்க தர்றேன்னப்ப கையத் தூக்கி வேணாம்னது ஒங்க ஊர்தானேம்மா?"

"நான் பொய் சொன்னதால தூக்குனாங்க சார்." சொல்லிவிட்டேன்! வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அந்நியரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். சிரித்தார். "பொய்யோ நெசமோ, கையத் தூக்கியாச்சுல்ல? இனிமே ஒண்ணும் நடக்காதும்மா" என்றவர், எனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினார்.

பேருந்தை விட்டு இறங்கித் தெருவுக்குள் நடந்தேன். உண்மையைச் சொல்லப் பழகிவிட்டேன், அக்காவிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன் என்று நடந்தேன். ராஜாத்தி அக்கா, மூடிக்கிடந்த கடையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாடி சொன்னாங்க?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி அதன் முதுகைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"வரும்னு சொன்னாங்க அக்கா" என்றேன்.

அவள் கண் என்மேல் நின்றது. நம்பினாளா, பழையபடி எல்லோர் முன்னாலும் என்னை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினாளா... எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் திரும்பி, நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கேட்டீங்களாடி... நர்ஸு... வருதாம்!"