இரண்டு பேராகப் பதிவான அம்மா

என் அம்மா துஷ்யந்தி மூளை விஞ்ஞானி. பேச்சு வருவதற்கு முன்பே குழந்தையின் மூளை மொழிகளை எப்படிப் பிரித்தறிகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. இலங்கையில் கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். தாத்தா ஏழுமலை அங்கே பால் வெட்டினார். அம்மா இந்த ஜனவரியில் இறந்தார்.

அவருடைய முக்கியமான கட்டுரை அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிறந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. பகலில் ஆயா ‘புத்தே’ என்று சிங்களத்தில் கொஞ்சுவார்; மாலையில் தாய் வந்து தமிழில் கொஞ்சுவார். அம்மா குழந்தைகளின் தலையில் மின்முனைகள் பதித்த மெல்லிய தொப்பியை மாட்டி, இரண்டு மொழிகளையும் கேட்கவைத்துப் பதிவு செய்தார்.

“அக்கா, மவனுக்கு கரண்டு அடிக்காதா?” என்று ஒரு தாய் கேட்டாராம்.

“நான் குடுக்கலம்மா. அவன் மண்டையில இருந்துதான் எடுக்கிறேன்.”

“அப்ப அப்படியே லயத்துக்கும் ஒரு வயர் இழுத்து விடுங்க.”

ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தைகளின் மூளை இரண்டு மொழிகளின் தாளத்துக்கும் வெவ்வேறாகப் பதில் சொன்னது. கட்டுரையைப் பல நாடுகளில் மேற்கோள் காட்டினார்கள்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. சஞ்சிகை குடும்பப் பெயர் கேட்டது. எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். அம்மா யோசிக்காமல் ஏழுமலை என்று போட்டார். அதன் பிறகு உலகம் அந்த ஆய்வை ‘ஏழுமலையும் பிறரும்’ என்றே அழைத்தது.

“அப்பா, ஜப்பான்ல ஒருத்தர் நீங்க சொன்னது சரின்னு எழுதியிருக்காரு” என்று அம்மா தாத்தாவிடம் போய்ச் சொன்னார்.

“நான் எங்க புள்ள சொன்னேன்? கங்காணிகிட்டகூட வாயத் தொறக்க மாட்டேன்” என்றார் தாத்தா.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த கட்டுரைகளில் என் அப்பாவின் பெயர், இந்திரகுமார். மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளம் அம்மாவை இரண்டு ஆட்களாகப் பதிந்துகொண்டது. எச்-இன்டெக்ஸ் என்று ஓர் அளவு உண்டு. அது பத்து என்றால், குறைந்தது பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பத்து இருக்கின்றன என்று அர்த்தம். ஆளைப் பிளந்தால் இரண்டு பக்கமும் குறையும். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது குழு இந்திரகுமாரின் பக்கத்தை மட்டும் பார்த்தது. சர்வதேசத் தாக்கம் போதாது என்று மறுத்தது.

“ஏழுமலை அப்ளை பண்ணியிருந்தா கெடச்சிருக்கும்” என்றார் அம்மா.

மறுபடி விண்ணப்பிப்பதற்குள் புற்றுநோய் கண்டது. மென்பொருள் என் தொழில் என்பதால் இரண்டு பதிவுகளையும் இணைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆதாரங்களை ஏற்றுக்கொண்ட தரவுத்தளக்காரர்கள் ஒன்றுதான் கேட்டார்கள்: எந்தக் குடும்பப் பெயர் நிலைக்க வேண்டும்?

“அப்பாவா புருஷனான்னு இந்த வயசுல வந்து கேக்குறாங்க பாரு.”

கட்டிலருகே இருந்த அப்பா, “மாமா பேரையே போடு. என்னைவிட அவருக்குத்தான் சைட்டேஷன் கூட” என்றார்.

“யோசிச்சு சொல்றேன்” என்றார் அம்மா. சொல்லவில்லை.

பெயர் சொல்லாவிட்டால் பதிவுகளை இணைக்கும் விண்ணப்பம் காலாவதியாகிவிடும். அம்மா என்றைக்கும் இரண்டு பாதிகளாகவே கிடப்பார். கருமாதி முடிந்த அன்று லயத்தில் தாத்தாவிடம் கேட்டேன்.

“உங்க பேருலயே இருக்கட்டுமா தாத்தா?”

“ராப்பகலா முழிச்சுக் கெடந்தது நானா? அவ பேரப் போடு.”

“அது இருக்கு. கூட இன்னொரு பேரு கேக்குது. வெறுமையா விட்டா எடுக்காது.”

“அப்ப அதுலயும் அவ பேரையே போடு.”

அப்பாவும் சரி என்றார். அப்படியே அனுப்பினேன். சில வாரங்களில் பதிவுகள் ஒன்றாயின. இரண்டு பாதிகளிலும் இருந்ததைவிட எச்-இன்டெக்ஸ் கூடியிருந்தது. குழு கேட்டதற்கும் மேலே. தாத்தாவுக்கு போன் எடுத்தேன்.

“என்ன பேரு விழுந்துச்சு?”

“துஷ்யந்தி துஷ்யந்தி.”



“சரிதான். புத்தகத்த எடுத்துட்டான்னா, ஒருதரம் கூப்பிட்டா அவளுக்கு எங்க காதுல விழும்?”