கெல்வின் வாங்கிய மூன்று ரொட்டி மெஷின்கள்

டிராக்டரோ அறுவடை எந்திரமோ, பார்த்து வாங்குவதில் கெல்வின் ட்ரெலோரை மிஞ்ச, பெர்த்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் டவரின் என்ற ஊர் வட்டாரத்தில் ஆளில்லை என்று பேர். அந்தப் பேரைப் பரப்பியவரே அவர்தான் என்பாள் அவர் மனைவி நொலீன். இரண்டுமே உண்மை. அப்பேர்ப்பட்ட மனிதர் அறுபத்து மூன்று வயதில் ஒரு ரொட்டி மெஷின் வாங்கப் போய்ப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாம் லெஸ்டரால் வந்த வினை. லெஸ்டர் பக்கத்துப் பண்ணைக்காரர். ஒருநாள் ஊர்க் கடையில், வெட்டிப் பையில் போட்ட வெள்ளை ரொட்டியோடு கெல்வின் வரிசையில் நின்றார். பின்னால் நின்ற லெஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நாப்பது வருஷமா கோதுமை போடுற. அது வாயில வச்சா எப்பிடி இருக்கும்னு தெரியுமாப்பா உனக்கு? கடைசியில கடை ரொட்டிதான திங்கிற."

கடையே சிரித்தது. லெஸ்டர் கையிலும் அதே ரொட்டிதான் இருந்தது. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. உலகம் அப்படித்தான், முதலில் கேட்கிறவன் கெட்டிக்காரன்.

கெல்வினுக்குச் சுருக்கென்று தைத்தது. சொன்னது பொய்யாக இருந்தால் தைத்திருக்காது. அறுத்த கோதுமை லாரி லாரியாகக் கிடங்குக்குப் போகும், அங்கிருந்து ரயில், பிறகு கப்பல். ஒரு பிடிகூட வீட்டு அடுப்படிக்கு வந்ததில்லை. அறுவடை விருந்தன்று தன் கோதுமை ரொட்டியை லெஸ்டர் வாயில் தானே வைப்பதாக அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார்.

விதைக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் அள்ளி அரைத்தாயிற்று. மெஷின் வேண்டுமே. பக்கத்து டவுனான நார்த்தத்தில் ஒரு கடையில் விற்பனைப் பெண்ணைக் கெல்வின் ஒரு மணி நேரம் வறுத்து எடுத்தார். மோட்டார் எத்தனை வாட்? பெல்ட் ரப்பரா? ரிப்பேர் என்றால் பாகம் இங்கே கிடைக்குமா, பெர்த்துக்குப் போகணுமா? அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பும் கிரீம் நிறமும் இருக்கிறது என்பதுதான். கடைசியில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமானது எதுவோ அதையே வாங்கினார். கனமாக இருந்தால்தான் உழைக்குமாம்.

முதல் ரொட்டி செங்கல் உயரம் வந்தது. உறுதியிலும் செங்கல்தான். மோட்டாருக்குத் தெம்பில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பெர்த்துக்குப் போய் மாவு பிசைய இரண்டு துடுப்பு வைத்த மெஷின் வாங்கி வந்தார். இன்னொரு செங்கல். அதை நாய்க்குப் போட்டார்கள். அது முகர்ந்து பார்த்து, வேலி ஓரம் வரை கவ்விக்கொண்டு போய் லெஸ்டர் நிலத்துப் பக்கம் போட்டுவிட்டு வந்தது. மூன்றாவது ஜப்பான் மெஷின். ஈஸ்ட்டுக்குத் தனிப் பெட்டி, நேரம் வந்ததும் தானே கொட்டும். விலையைக் கேட்டு நொலீன் இரண்டு நாள் பேசவில்லை. ரொட்டி அரை அங்குலம் கூடுதலாக எழும்பியது, அவ்வளவுதான்.

ஈஸ்ட் பழசு என்றார். குழாய்த் தண்ணீரில் குளோரின் என்று மழைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஜன்னலோரக் காற்று ஆகவில்லை என்று மெஷினைப் படுக்கையறைக்குத் தூக்கிப் போனார்.

"எல்லாத்தையும் குத்தம் சொல்லிட்ட கெல்வின், ஒண்ணத் தவிர" என்றாள் நொலீன்.

"எங்கோதுமையப் பத்தி மட்டும் பேசாத."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அறுவடையும் முடிந்தது. விருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இந்தப் பக்கத்துக் கோதுமையை வாங்கும் ஜப்பான் கம்பெனியிலிருந்து மோரிஷிகே என்ற பெரியவர், மொழிபெயர்க்க ஒரு பெண்ணோடு பண்ணையைப் பார்க்க வந்தார். நொலீன் கேக் வைத்தாள். கெல்வின் விடாப்பிடியாக ரொட்டியையும் அறுத்து வைத்தார்.

மோரிஷிகே ஒரு துண்டை எடுத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நொலீன் இரக்கப்பட்டுத் தேநீரை நகர்த்தினாள். விழுங்கி முடித்ததும் இது எந்தக் கோதுமை என்று கேட்டார். கெல்வின் நெஞ்சை நிமிர்த்தித் தன் விதைக் கோதுமைத் தொட்டியைக் காட்டினார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

"இது ரொட்டிக்கு எழும்பாதுன்னு சொல்றாருங்க" என்றாள் அந்தப் பெண். "மாவுல இழுவை பத்தாதாம். ஆனா நூடுல்ஸுக்கு இத அடிச்சுக்க வேற கோதுமை இல்லியாம். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்து வாங்குறாங்களாம்."

கெல்வினுக்குத் தெரியாத விஷயமா? கிடங்கு ரசீதில் ஒவ்வொரு வருஷமும் நூடுல்ஸ் கோதுமை என்றுதான் எழுதித் தருகிறார்கள், டன்னுக்கு இத்தனை என்று கூடுதல் காசும் வருகிறது. காசை வாங்கிக்கொண்டார், பேரை யோசிக்கவில்லை. கோதுமை என்றால் கோதுமைதானே.

"அப்ப மெஷின் மேல தப்பில்ல" என்றார் மெல்ல.

"மூணு மெஷின் மேலயும்" என்றாள் நொலீன்.

மோரிஷிகே சட்டைக் கையை மடித்துவிட்டுச் சல்லடை கேட்டார். மாவைச் சலித்து, உப்புத் தண்ணீர் சேர்த்து, ஜப்பான் மெஷினைப் பிசைய மட்டும் விட்டார். பிசைந்ததைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரையில் போட்டு, காலுறையோடு அதன் மேல் ஏறி மிதித்தார். பிறகு கெல்வினைக் கூப்பிட்டார். கெல்வின் பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவர் ஏறின கனத்துக்கு மாவு சீக்கிரமே வழிக்கு வந்தது.

நூடுல்ஸாக நறுக்கி, வேகவைத்து, நொலீனின் கோழிச் சாறில் போட்டுக் கொடுத்தார்கள். வழவழவென்று வழுக்கிக்கொண்டு போனது, கடித்தால் மெத்தென்று மடங்கிக் கொடுத்தது. லேசான இனிப்பு. கெல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவி பட்டது என்றார், ஆவியெல்லாம் இல்லை. இத்தனை வருஷம் இதைக் கப்பலில் ஏற்றிவிட்டு நாம் எதைத் தின்றோம் என்று கோபமாகக்கூட வந்தது.

விருந்தன்று ஊர்ப் பந்து விளையாட்டுக் கிளப்புக்குப் பெரிய பானையோடு போனார். லெஸ்டர் காத்துக்கொண்டிருந்தார்.

"ரொட்டி எங்கப்பா?"

"வரல. எங்கோதுமைக்கு ரொட்டி வராதாம். அது தெரியாம நாலு மாசம் மெஷினத் திட்டிட்டேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் கெல்வின். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அதற்குள் கிண்ணத்தை நிரப்பி நீட்டினார்.

லெஸ்டர் ஒரு வாய் தின்றார். கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"எந்த விதை இது?"

"வேலியோரத்து வயல்ல போட்டது. நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வாங்குனோம்."

லெஸ்டர் காலிக் கிண்ணத்தையே பார்த்தார்.

"அப்ப என்னோடதும் இப்பிடித்தான் இருக்குமா?" என்றார். குரலில் கிண்டல் துளியும் இல்லை.

நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பதிலடி அத்தனையும் கெல்வினின் நாக்கு நுனி வரை வந்தது.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று கிண்ணத்தை வாங்கினார்.