கேமராவுக்குப் போட்ட வலை

தறிக்கூடத்தில் நாடா தெறித்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது ரத்தம் வந்திருக்கிறதா என்றுதான். வரவில்லையென்றால் அது விபத்தே இல்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிய காலம் முழுக்க எனக்குக் கண்ணைப் பற்றித்தான் பயம். நாடா என்பது நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு பாவுக்குக் , அதாவது நீளவாக்கு இழைக்கு, குறுக்கே ஓடும் மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். தடம் தப்பினால் தறியை விட்டுப் பக்கவாட்டில் பறக்கும். அங்கே அடுத்த தறிக்காரி நிற்பாள்.

ஒருமுறை என் காதோரமாகப் போய்ச் சுவரில் குத்தி விழுந்தது. காரை பெயர்ந்துவிட்டது. பக்கத்துத் தறி அக்கா ஓடிவந்து என் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

“தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்கோட்டி.”

எங்களில் எவளுக்குத் தலைப்பாகை இருந்தது? ஆனாலும் சிரித்தோம். முதலாளி வாசலில் பூசணிக்காய் உடைத்தார். டீயும் வடையும் வந்தன. அம்மன் நம் கூடத்துக்குக் காவல் நிற்கிறாள் என்றார். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

“அண்ணாச்சி, தறிக்கு நடுவுல கம்பி வலை அடிச்சிட்டா நல்லா இருக்கும்லா?”

“இத்தன வருசமா ஆருக்காவது என்னமும் ஆயிருக்கா? வலை அடிச்சா நீங்க நடமாட எடம் எங்கன இருக்கு? எனக்கென்ன, உங்களுக்குத்தான் கஷ்டம்.”

மற்றவர்களும் அவர் பக்கம்தான் பேசினார்கள். வலை வந்தால் சுற்றிப் போக வேண்டும், இழை அறுந்த தறி அதுவரை நிற்கும், சேலை குறையும், கூலியும் குறையும். அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. நாடா குறி தப்பிய ஒவ்வொரு தடவையும் எங்களுக்குப் பயம் கூடியிருக்க வேண்டும். குறைந்துகொண்டே போனது. முதலாளி மட்டும் விவரமானவர். அவர் நாற்காலி எப்போதும் தறிகளுக்கு முன்பக்கம்தான் கிடக்கும், பக்கவாட்டில் ஒருநாளும் கிடந்ததில்லை.

அப்புறம் கேமரா வந்தது. நாங்கள் தறியை ஓடவிட்டுக் கதை பேசுகிறோமா என்று பார்க்க. ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு ஒரு நாடா எகிறிப்போய் அதன் கண்ணாடியை உடைத்தது. முதலாளி பதறிவிட்டார். அன்றைக்குப் பூசணிக்காய் உடைக்கவில்லை, அம்மன் பேச்சையும் எடுக்கவில்லை. மறுநாளே வெல்டிங் பட்டறைக்காரர் ஏணி போட்டு ஏறி, புதுக் கேமராவைச் சுற்றிக் கம்பி வலையில் கூண்டு அடித்துவிட்டுப் போனார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அந்த வலையில் மிச்சத் துண்டு ஒன்று வாசலில் வெகுநாள் கிடந்தது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனேன்.

அந்த வருஷம் தீபாவளிச் சேலைக்காகத் தறிகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அறுந்த இழையைப் பிணைக்கக் குனிந்தேன். பிணைத்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்துத் தறியிலிருந்து நாடா வந்ததை நான் பார்க்கவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது கண் போய்விட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு முதலாளி வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருப் பெரியவர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். என் வீட்டுக்காரர் நியாயம் கேட்டார். முதலாளி சத்தம் போடவில்லை. செல்போனை எடுத்து, கேமராவில் பதிவானதைப் பெரியவருக்குக் காட்டினார்.

“நல்லா பாருங்க அண்ணாச்சி. கொஞ்சம் குனிஞ்சே இருந்திருந்தான்னா தலைக்கு மேல போயிருக்கும். சடக்குன்னு நிமிந்துட்டா. தப்பு ஆரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.”

பெரியவர் பார்த்தார். “நிமிரத்தான் செய்தா” என்றார்.

நான் கையை நீட்டி போனை வாங்கினேன். மிச்சமிருந்த கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் தறி, என் முதுகு, நான் நிமிர்வது, எல்லாம் பளிச்சென்று இருந்தது. படத்தின் குறுக்கே மெல்லிசாகக் கம்பிக் கட்டங்கள்.

“படம் நல்லா தெளிவா விழுந்திருக்கு அண்ணாச்சி” என்றேன்.

“விழாம? அதுக்குத்தான் வலை போட்டுருக்குல்லா” என்றார்.