உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பொட்டு

2008
ஜூன் 3 — 41 நிமிடம்
ஜூன் 5 — 38
ஜூன் 11 — 52
ஜூன் 19 — 29
ஜூலை 2 — 47
ஜூலை 9 — 33
இயந்திரம் நின்ற நேரம், மொத்தம் 240 நிமிடம்.

இந்த ஆறு நாட்களிலும் வானெஸ் பொர்த்தொலொத்தி மூன்றாம் இயந்திரத்தின் மின்பேனல் முன் இடது முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, மின்சாரத்துக்குப் பதில் வெளிச்சம் ஓடும் ஒரு மெல்லிய வயரின் முனையைத் தன் உள்ளங்கைக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால் மடங்காது. உள்ளங்கையில் பொட்டு அளவுக்குச் சிவப்பு வெளிச்சம் விழும். பொட்டு பளிச்சென்று இருந்தால் வயர் நல்ல வயர். ஆறு முறையும் பளிச்சென்றுதான் இருந்தது. ஆறு முறையும் நான் எழுதிவரும் நிறுத்தப் பதிவேட்டில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் தொழிற்சாலையில் சூப் கட்டி செய்து தாளில் சுற்றுகிறோம். வாசம் சட்டையில் ஏறினால் இறங்காது. மெதிச்சினா ஊரின் நாய்கள் எங்களைப் பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்புகின்றன. சுற்றும் இயந்திரத்தில் பதினான்கு மோட்டார்கள். அவற்றை இணைக்கும் பல்சக்கரமோ தண்டோ கிடையாது. இணைப்பது அந்த வயருக்குள் வளையமாக ஓடும் வெளிச்சம் மட்டும்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி நொடிக்கு ஐந்நூறு முறை அதன்வழியே தந்தி அனுப்புகிறது. ஒவ்வொரு தந்திக்கும் பதினான்கு மோட்டாரும் தங்கள் முறையில் ஆஜர் சொல்ல வேண்டும். ஒரு தந்தி தவறினால் மன்னிப்பு உண்டு. அடுத்ததும் தவறினால் பதினான்கும் ஒருசேர நின்றுவிடும்.

"முப்பத்திநாலு வருசமா நான் நேரத்துக்கு வர்றேன், யாரும் கவனிச்சதில்ல. இந்த மோட்டார் ஒரு நொடிக்குள்ள ஐந்நூறு தடவ வருது, அதுக்கு ஏ.சி. போட்டு வெச்சிருக்காங்க" என்பார் வானெஸ். அந்த ஏ.சி.யும் மே மாதத்திலிருந்து ஓடவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. உட்கார்ந்தே வேலை பார்க்கக்கூடிய சோதனை அறைக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்திருந்தார். நாளிதழை மடிக்க மாட்டார். சுருட்டித்தான் கக்கத்தில் வைப்பார். வெளிச்சம் ஓடும் வயரைக் காப்பி சாஸரின் வட்டத்தைவிடச் சிறிதாக வளைக்கக்கூடாது என்பது அவருடைய விதி. இதற்காகவே கருவிப் பெட்டியில் விளிம்பு உடைந்த சாஸர் ஒன்று வைத்திருக்கிறார். வயர் முனையைத் தேய்க்கும்போது, மெல்லிய உப்புத்தாளின் மேல் எட்டு என்ற எண்ணை இருபது முறை எழுதுவார். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து.

மூன்றாம் இயந்திரத்தை ஓட்டுபவள் லொரெதானா. நிறுத்தம் ஆறில் ஐந்து அவளுடைய ஷிஃப்டில். எண்களை எழுதியவன் நான். அவற்றில் பிழை இல்லை. அந்த எண்களை வைத்து நிர்வாகம் அவளுக்கு ஜூன் 13 அன்று ஒரு கண்டனக் கடிதமும் ஜூலை 4 அன்று இன்னொன்றும் கொடுத்தது. மூன்றாவது வந்தால் வேலை போகும். விசாரணை ஜூலை 17 என்று குறித்திருந்தார்கள். அவள் வீட்டில் மூன்று பேர், சம்பளம் ஒன்று.

"ஏம்ப்பா வானெஸ், அந்த மெஷின் உன்கிட்ட என்னப் பத்தி ஏதாவது சொல்லுதா?" என்று கேட்டாள்.

"நான் வந்தா வாயே திறக்க மாட்டேங்குது. டாக்டரப் பாத்ததும் ஜுரம் இறங்குற பிள்ள மாதிரி."

"எனக்கு மட்டும் எகிறுதுல்ல. மூணாவது லெட்டர் வரட்டும், நான் வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் யார் மேல கோவிச்சுக்கும்னு பாக்கறேன்."

ஜூலை 15, காலை 10.20. காப்பி இயந்திரத்தின் அருகே வானெஸ் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"பெரிசு, அந்த ஆறாவது மட்டும் அவ ஷிஃப்ட் இல்லதானே?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. ஜூலை ஒன்பது. அடுத்த ஷிஃப்ட் இலாரியோ ஓட்டினான்."

"அன்னிக்கு என்ன விசேஷம்?"

ஓரக்குறிப்பை வாசித்தேன். பாதுகாப்பு ஆய்வாளர் வந்த நாள். அவர் வருவார் என்று எல்லா பேனல் கதவுகளையும் மூடிப் பூட்டியிருந்தார்கள்.

கரண்டி நின்றது. மற்ற நாட்களில் யாரும் அந்தக் கதவை மூடுவதில்லை. உள்ளே சூடு, ஒரு சாண் திறந்தே விட்டிருப்பார்கள். மூட வேண்டும் என்று சுவரில் அறிவிப்பு உண்டு. அதை மதித்து, ஷிஃப்ட் தொடங்கியதும் கதவைச் சாத்திப் பூட்டுகிற ஒரே ஆள் லொரெதானா. நிறுத்தம் என்று கூப்பிட்டதும் வந்து, முதல் வேலையாக அந்தக் கதவைத் திறக்கிற ஆள் வானெஸ்.

காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். இம்முறை கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும் கதவை அவர் தொடவில்லை. பக்கத்துப் பேனலைத் திறந்து, முதல் மோட்டாரிடம் வந்து சேரும் வயர் முனையைக் கழற்றி உள்ளங்கைக்கு நேரே பிடித்தார். பொட்டு மங்கியிருந்தது. காய்ந்த ரத்தத் துளி போல.

"பெரிசு, அந்தக் கதவத் திற."

திறந்தேன்.

"மூடு."

மூடினேன்.

"இன்னொரு தடவ."

நான்கு முறை திறந்து மூடினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளங்கையைத்தான் பார்த்தேன். கதவு திறந்தால் பளிச்சிட்டது, மூடினால் மங்கியது.

கதவின் கீல் அருகே வயர் ஒரு பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கதவை மூடினால் அந்த இடத்தில் வயர் விரல் மடங்குவது போல மடங்கியது. மங்கிய வெளிச்சத்தில் என்றைக்காவது இரண்டு தந்தி அடுத்தடுத்துத் தவறும்; அன்று இயந்திரம் நிற்கும். நாடாவின் வாலில் வெள்ளைச் சீட்டு; அதில் வானெஸின் சிறிய எழுத்து: 29.5.2008, வா.பொ. ஆய்வாளர் வருவதற்கு முன் எட்டு பேனல்களையும் ஒழுங்காக்கச் சொல்லியிருந்தார்கள். மற்ற ஏழிலும் நாடா கீலைவிட்டு ஒரு விரல் மேலே இருந்தது.

"பாக்க அழகா இருக்கணும்னு கட்டினேன்" என்றார்.

லொரெதானா பின்னால் நின்றிருந்தாள். "கட்டினது நீயா?"

"நான்தான்."

"சட்டப்படி கதவ மூடினதுக்கா எனக்கு ரெண்டு லெட்டர்?"

வானெஸ் அந்த நாடாவை வெட்டி எடுத்தார்.

"ஆறு வாரமா நான் சரியா தூங்கலப்பா" என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு இயந்திரத்தைத் துடைக்கப் போனாள்.

மறுநாள் நிர்வாகப் பொறியாளர் சபியோனியின் அறை. பதிவேட்டோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வானெஸ் எழுதிய அறிக்கையைப் பொறியாளர் இரண்டு முறை படித்தார்.

"வயர் பழசாயிடுச்சுன்னு எழுதிடுங்க வானெஸ். உங்களுக்கும் தொந்தரவில்ல, எனக்கும் இல்ல."

"அப்ப லொரெதானாவோட ரெண்டு லெட்டரு?"

"அது ஃபைல்ல கிடக்கட்டும். மூணாவது வராது. அவ்வளவுதானே?"

"வயர் பழசு இல்ல இஞ்சினியர். என் கையெழுத்து இருக்கு அதுல."

"சோதனை அறைக்கு நீங்க குடுத்த மனு என் மேஜைலதான் இருக்கு, தெரியும்ல?"

"நான்தானே கொண்டுவந்து வெச்சேன்."

பொறியாளர் பேனாவை மூடினார். "முப்பத்திநாலு வருசம் ஒரு கறை இல்லாத ஃபைலு. யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டுத்தான் படி ஏறி வந்தேன். எனக்கு மாடிப்படி லேசு இல்ல."

விசாரணை நடக்கவில்லை. ஜூலை 25 அன்று லொரெதானாவின் இரண்டு கடிதங்களும் திரும்பப் பெறப்பட்டன. அன்று அவள் ஒரு காப்பி வாங்கி வானெஸின் முன்னால் வைத்தாள். கூட உட்காரவில்லை. அவரும் அதை எதிர்பார்த்தது போலத் தெரியவில்லை. குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்தார்.

ஆகஸ்டில் தொழிற்சாலை மூடியிருந்தது. எல்லோரும் கடலுக்குப் போனோம். திறந்த இரண்டாம் நாள் வானெஸுக்குக் கடிதம் வந்தது. கவனக்குறைவுக்குக் கண்டனம், அதன் காரணமாகச் சோதனை அறை மனு நிராகரிப்பு, ஒரே பக்கம். இயந்திரங்களுக்கு நடுவில் நின்றபடி படித்தார். பிறகு மூன்றாம் இயந்திரத்தின் பேனலைத் திறந்து இடது முழங்காலை ஊன்றினார். கதவின் உட்புறத்தில் வரைபடக் கோப்பு இருக்கும். ஒவ்வொரு பழுதுக்கும் உரிய தாளை, அடுத்து வருகிறவர் பார்ப்பதற்காக, அதில் கோத்து வைப்பது வழக்கம். வெளிச்ச வளையத்தின் படம் உள்ள பக்கத்தைத் தேடி எடுத்தார். கடிதத்தை மடிக்காமல், ஓரத்தில் இரண்டு துளையிட்டு, அந்தப் பக்கத்துக்கு அடுத்துக் கோத்தார். மேல் மூலையில், கடிதம் கைக்கு வந்த தேதியைத் தன் சிறிய எழுத்தில் குறித்தார்.

2008 செப்டம்பர் 2.